சூப்பான்: வாயில் வைப்பதும், கையில் கொடுப்பதும்

அழுகிற பிள்ளையின் வாயில் சூப்பானை, பால் வராத அந்த வெறும் காம்பை, வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்து: பசி, ஈரம், புழுக்கம், வாயு, தூக்கம். இந்த வரிசையில் பார்த்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பசியைப் பிள்ளை அழுவதற்கு முன்பே சொல்லிவிடும். வாயைத் திறந்தபடி தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடும், முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோகும். அழும் அளவுக்கு வந்துவிட்டால் பசி முற்றிவிட்டது என்று பொருள்.

கோலாலம்பூர் ஃபிளாட் வீடுகளில் அதிகம் தவறிப்போவது புழுக்கம்தான். குளிர் பட்டுவிடும் என்று பெரியவர்கள் குல்லா, கையுறை, காலுறை எல்லாம் மாட்டி மேலே துணியையும் சுற்றிவிடுவார்கள். உள்ளே பிள்ளை வெந்துகொண்டிருக்கும். உள்ளங்கை சில்லென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பச்சைக் குழந்தைக்குக் கை கால் அப்படித்தான் இருக்கும். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு சுற்றுத் துணியை எடுத்துவிட்டாலே பாதி அழுகை நிற்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை எதையாவது சப்பத் தேடுகிறதென்றால், இப்போது கொடுக்கலாம். வயிறு நிறைந்த பிறகும் சப்பிக்கொண்டிருப்பது குழந்தையின் இயல்பு. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுதல் எல்லாம் நேரம் தெரியாமல் கொடுப்பதில்தான்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் முதல் மூன்று, நான்கு வாரம் காத்திருப்பது நல்லது. பால் சுரப்பது பிள்ளை சப்புவதைப் பொறுத்தது. அந்தச் சப்பலைச் சூப்பான் வாங்கிக்கொண்டால் மார்பில் சுரப்பு குறையும்; சுரப்பு குறைந்தால் அழுகை கூடும்; அழுகை கூடினால் மறுபடி சூப்பான். ‘எனக்குப் பாலே இல்லை’ என்று புட்டிப்பாலுக்குப் போகிற பல தாய்மார்களின் கதை இந்த வட்டத்தில் தொடங்கியதுதான். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்ட, தாய்ப்பால் கொடுப்பதற்கான பத்துப் படிகளில் சூப்பான் கொடுக்கவே கூடாது என்று இருந்தது. 2018 திருத்தத்தில் அது தளர்ந்தது: அதனால் வரக்கூடிய சிக்கலைத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாறியது. மருத்துவமனைப் பையில் பாட்டி ஆசையாக வாங்கிப் போட்டிருக்கும் சூப்பானை வார்டு மிஸ்ஸி (நர்ஸ்) வெளியே எடுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பால் நிலைத்துவிட்டது என்பதற்கு இரண்டு அடையாளம் போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது 6 தடவை பேம்பர்ஸ் நனைய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் சூப்பானைத் தொடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

வாங்கும்போது முதல் குழப்பம் பாக்கெட்டில் இருக்கும். மலாய் மொழியில் ‘பூத்திங்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் புட்டியில் மாட்டுகிற ரப்பர். சூப்பானுக்கு ‘பூத்திங் கோசோங்’ என்று இருக்கும். புட்டி ரப்பருக்குள் பஞ்சை அடைத்துச் சூப்பானாகக் கொடுக்கும் பழைய பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது வேண்டவே வேண்டாம். சப்புகிற வேகத்தில் ரப்பர் வளையத்திலிருந்து பிய்ந்து தொண்டைக்குப் போய்விடும்.

நல்ல சூப்பானில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, வாய்க்கு வெளியே நிற்கும் தட்டு: அது பிள்ளையின் வாயைவிட அகலமாக, முழுதாக உள்ளே போக முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தட்டில் குறைந்தது இரண்டு காற்றுத் துளை. தட்டு தப்பித்தவறி வாய்க்குள் சிக்கினாலும் மூச்சுக்கு வழி அதுதான். மூன்று, முலையும் (பிள்ளை சப்பும் காம்பு) தட்டும் சேரும் இடம். ஒரே வார்ப்பில் செய்தது என்றால் பிரிய இணைப்பே இல்லை, அழுக்கு சேரவும் இடமில்லை. பாக்கெட்டில் இஎன் 1400 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று ரிங்கிட்டுக்கு, தொங்கும் சரத்தில் அந்த எண்ணும் இருக்காது, மாத அளவும் இருக்காது. மாத அளவு முக்கியம்: ஆறு மாதத்துக் குழந்தைக்குப் பிறந்த குழந்தையின் சூப்பானைக் கொடுத்தால் தட்டு சிறிதாகிவிடும்.

சிலிக்கோனா ரப்பரா என்று கேட்பவர்களுக்கு: பல் முளைக்கும்வரை சிலிக்கோன். அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், வாடை பிடிக்காது, கொதிநீருக்குத் தாங்கும். ஆனால் ஒரு பல் பட்டு வெட்டு விழுந்துவிட்டால் அந்த இடத்திலிருந்து சட்டென்று கிழியும். பழுப்பு நிற ரப்பர் மெத்தென்று இருக்கும், கடிக்குத் தாங்கும். வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் பிசுபிசுத்து உப்பிப் போகும். அது நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி இறக்கிய அதே பாலில் இருந்து வருவதுதான். அந்தப் பாலில் உள்ள புரதம் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது; வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தால் ரப்பரை நிறுத்திவிடுங்கள்.

ஒரே மாதிரி மூன்று வாங்கி வையுங்கள். ஒன்று வாயில், ஒன்று கழுவிக் காய்ந்துகொண்டு, ஒன்று பையில். வேறு வேறு வடிவம் வாங்கினால் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதைத் துப்பும். அந்த ஒன்று எப்போது தொலையும் என்றால் நெடுஞ்சாலையில் சுங்கை பூலோ ஓய்விடத்தைத் தாண்டிய பிறகுதான்.

புதிதாக வாங்கியதைக் கொதிக்கும் நீரில் 5 நிமிஷம் போடுங்கள். எடுத்த கையோடு கொடுக்கக் கூடாது. முலைக்குள் கொதிநீர் ஏறி நிற்கும். வெளியே ஆறிவிட்ட மாதிரி தெரியும், பிள்ளை சப்பினால் உள்ளிருப்பது நாக்கில் பீச்சும். இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, இரண்டு விரலால் பிதுக்கி வெறுமையாக்கிய பிறகு கொடுங்கள். ஆறு மாதம்வரை தினமும் ஒரு முறை கொதிநீரோ ஆவிப் பெட்டியோ வேண்டும். பிறகு சோப்பும் வெந்நீரும் போதும். மைக்ரோவேவில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே வைத்தால் பொசுங்கிவிடும்.

நம் ஊரில் கழுவுவதைவிடக் காய வைப்பதுதான் சிரமம். ஈரக் காற்றில் மூடிய டப்பாவுக்குள் போட்ட சூப்பான் காயவே காயாது. சில நாளில் முலையின் அடிப்பகுதியில் கறுப்புப் புள்ளி தெரியும்; அது பூஞ்சணம். தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், குப்பையில் போடுங்கள். கழுவிய பிறகு உதறி, முலை கீழ்நோக்கி இருக்கும்படி வடிகட்டித் தட்டில் வையுங்கள், நன்றாகக் காய்ந்த பின் டப்பா. பால் வாடை லேசாக இருந்தாலும் எறும்பு வரும். இரவில் கரப்பான் வரும். திறந்த தட்டை ஒரு சுத்தமான மெல்லிய துணியால் மூடிவிடுவது நல்ல வழி. காருக்குள் விட்டுவிட்டுப் போன ரப்பர்ச் சூப்பான் ஒரு மத்தியானம் வெயிலில் கிடந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

தினமும் கொடுக்கும் முன் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். முலையைப் பிடித்து மேலே, கீழே, இரு பக்கமும் அழுத்தி இழுத்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அது வெடிப்பு. பல் வந்துவிட்டால் இந்தச் சோதனை இன்னும் கட்டாயம். நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றை ஓட்டாதீர்கள்.

தைப்பூசத்தன்று பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலைப் பாதையிலோ கூட்டத்துக்குள் சூப்பான் கீழே விழும். விழுந்தால் விழுந்ததுதான், பையில் இருக்கும் இரண்டாவதை எடுங்கள். அம்மா தன் வாயில் போட்டுச் சப்பிவிட்டுக் கொடுப்பது நாம் எங்கும் பார்ப்பது. 2013இல் வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு, அப்படிச் செய்த வீடுகளில் குழந்தைகளுக்குத் தோல் அரிப்பு குறைவாக இருந்ததாகச் சொன்னது; அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. பெரியவர்களின் எச்சிலில் பல்லை அரிக்கும் கிருமியும் சேர்ந்து போகும் என்பதால் பல் டாக்டர்கள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. சொத்தைப் பல் இருக்கும் வீட்டில் செய்யாமல் இருப்பதே சரி.

தேன் தொட்டுக் கொடுப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சேனை வைக்கும் வழக்கத்தோடு சேர்த்து, அழுதால் சூப்பானையும் தேனில் முக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலம் கட்டும், அழுகை சன்னமாகும், கழுத்து தொய்யும், மூச்சு வரைக்கும் போகும். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் அடைத்த சூப்பானைச் சப்பிய நான்கு குழந்தைகள் இதனால் மருத்துவமனையில் படுத்தார்கள். சீனியும், கிரைப் வாட்டரும் இந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் முளைக்கும் பல்லைக் கெடுக்கும்.

தூக்கத்துக்கு வருவோம். சூப்பானுக்கு உண்மையான மதிப்பு இருப்பது இங்கேதான். தூக்கத்தில் காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் இறந்துபோகும் அபாயம் சூப்பானோடு தூங்கவைக்கும்போது குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2005இலிருந்து தூங்கும் நேரத்தில் கொடுக்கப் பரிந்துரைக்கிறது. தூங்கிய பிறகு அது விழுந்துவிட்டால் எடுத்துத் திரும்ப வைக்கத் தேவையில்லை. வேண்டாம் என்று துப்பும் பிள்ளைக்குத் திணிக்கவும் தேவையில்லை. மல்லாக்காக, கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணை இல்லாமல் படுக்கவைப்பது சூப்பானைவிடப் பெரிய பாதுகாப்பு. ஸ்பிரிங் புவாய்யானில் (தொங்கும் துணித் தொட்டிலில்) ஆட்டித் தூங்கவைத்தாலும் தூங்கியதும் கீழே மாற்றுங்கள். சாரோங்குத் துணிக்குள் கழுத்து மடங்கிக் கிடக்கும்.

சட்டையில் மாட்டும் கிளிப் நாடா 22 செண்டிமீட்டருக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது, படுக்கையில் இருக்கவே கூடாது. கறுப்புக் கயிற்றிலோ சங்கிலியிலோ கோத்துக் கழுத்தில் மாட்டுவதைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் சொல்லிவிடுங்கள். பொல்லாப்பு வந்தால் வரட்டும்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் வந்தால், இறங்கத் தொடங்கும்போது கொடுங்கள், ஏறும்போது அவ்வளவு அவசியமில்லை. சப்பி விழுங்கும்போது காதடைப்பு விடும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் மெல்ல எழுப்பிக் கொடுப்பதே மேல். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, காதுவலி திடீரென்று எழுப்பிவிடும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு பகலில் குறைக்க ஆரம்பியுங்கள். விடாமல் சப்பும் குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது அதிகம். நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் வந்தால் அது பூஞ்சைப் புண். பிள்ளைக்கு மருந்து போடும்போது சூப்பானையும் புதிதாக மாற்றி, தாய்க்கும் சேர்த்து டாக்டரிடம் காட்ட வேண்டும். மாற்றாமல் விட்டால் போன புண் அடுத்த வாரமே திரும்பும். தாஸ்காவில் (பிள்ளைக் காப்பகத்தில்) விடுபவர்கள் தட்டின் பின்பக்கம் பெயர் ஒட்டிக் கொடுங்கள். ஒரே நிறத்தில் நான்கு கிடந்தால் அவசரத்தில் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

நிறுத்துவதற்கு நல்ல காலம் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரைக்குள். மூன்றைத் தாண்டினால் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சேராமல் நடுவே திறந்து நிற்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். சீக்கிரம் விட்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் தானாக மூடும். வேப்பெண்ணெய், மிளகாய், கற்றாழை தடவுவது பாட்டி வைத்தியம். பிள்ளை கண்ணைக் கசக்கி அவதிப்படுவதுதான் மிச்சம். முனையைக் கத்தரித்துக் கொடுப்பது இன்னும் மோசம், வெட்டிய ரப்பர் கடிபட்டு உதிரும்.

பலன் தரும் வழி இடத்தைக் குறைப்பது. முதல் வாரம் வெளியில் கிடையாது. அடுத்த வாரம் வீட்டிலும் கட்டிலில் மட்டும். அதற்கடுத்து மத்தியானத் தூக்கத்துக்கு நிறுத்தம். இரவு மட்டும் மிஞ்சும்போது ஒரு நாள் குறித்து முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவு வீடே விழித்திருக்கும். இந்த நேரத்தில்தான் யாராவது மனம் இளகி ஒளித்துவைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி ஒரு முறை கொடுத்தால், இன்னும் கொஞ்சம் கூட அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இருமடங்கு சிரமம். ஆகவே மிச்சமுள்ளவற்றை அன்றைக்கே குப்பை லோரியில் ஏற்றிவிடுங்கள். தம்பி தங்கை பிறந்த வாரம், தாஸ்கா மாறிய வாரம், காய்ச்சல் வாரம் இதற்கு வேண்டாம்.

இப்படி ஒன்றை நிறுத்திய வீட்டிலேயே இன்னொன்று கைக்கு வந்துவிடுகிறது. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) தே தாரிக் தேநீர்க் குவளையில் சாய்த்துவைத்த ஹேண்ட்போன், எதிரே வாயைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை, அந்த வாய்க்குள் ரொட்டி சானாய்த் துண்டை வைக்கும் ஒரு கை. போனைக் குழந்தையின் புதுச் சூப்பான் என்று ஊரே சொல்கிறது. ஒரு வகையில் பழையதே மேல். அதைச் சப்பிக்கொண்டு பிள்ளை சுற்றிலும் பார்க்கவாவது செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அளவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சாப்பாட்டு நேரம். படத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. ‘போன் இல்லாமல் சாப்பிடவே மாட்டான்’ என்பதன் தொடக்கம் அங்கே.

இதற்கும் முதலில் அந்த ஐந்தையே பாருங்கள். கடையில் கத்துகிற பிள்ளைக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்திருக்கும். எட்டரைக்குப் போவதை ஆறரைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை கிடையாது. உட்கார்ந்ததும் பிள்ளைக்கு ஒரு வெறும் ரொட்டி முதலில் வரட்டும், பெரியவர்கள் மெனுவைப் பிறகு புரட்டலாம். பையில் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், ஒரு மூடி போட்ட டப்பா, ஸ்டிக்கர் தாள் போதும். சாப்பாடு வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து நடத்திக்கொண்டு போங்கள். ரொட்டி வீசுகிறவரின் கையைவிட எந்தக் காணொளியும் பெரிதில்லை.

கொடுக்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். நெபுலைசர் வைக்கும் பத்து நிமிஷம், தீபாவளிக்கு முந்தின நாள் தாப்பாவில் அசையாமல் நிற்கும் நெடுஞ்சாலை, இதற்கெல்லாம் கொடுங்கள். முன்கூட்டியே பதிவிறக்கிய ஒரு பத்து நிமிஷப் படம், அடுத்தது தானாக ஓடாதபடி அமைப்பை அணைத்து, போன் பெரியவர் கையிலேயே. நிறுத்துவது படம் முடியும் இடத்தில். நடுவில் பிடுங்கி, பிள்ளை கத்தினால் அது பிள்ளையின் குற்றமில்லை. தாத்தா பாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவது இந்தக் கணக்கில் சேராது.

பெரியவர்களுக்கும் சூப்பான் கொடுக்கிறார்கள். போனஸ் எங்கே என்று கேட்டால் வருடாந்திர விருந்தில் ஒரு குலுக்கல் பரிசு; சம்பளத்தைக் கேட்டால் விசிட்டிங் கார்டில் ஒரு நீளமான பதவி. அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாத மூன்றாவது வாரத்தில் நிர்வாக அலுவலகம் கொடுக்கும் புகார் எண்ணும் இந்த வகைதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சூப்பானை வாங்கி வாயில் வைத்துக்கொண்ட பிள்ளைக்குப் பால் வராது. எண்ணை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பாகம் போயிருக்கிறது, யார் வருகிறார், எந்தத் தேதி. பதிலை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். தேதி தாண்டினால் அடுத்த மின்னஞ்சல் அதே கோப்பில், படத்தோடு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது, 250,000 ரிங்கிட்வரை கோரிக்கை வைக்கலாம். அங்கே போவதற்கு முன் உங்கள் பராமரிப்புக் கட்டணப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பாக்கி வைத்திருப்பவருக்கு அடுக்குமாடிப் பொதுக்கூட்டத்தில் ஓட்டும் கிடையாது.